குளிர் நாட்டில் சூடேறும் கணினி

தோட்டத்து வீடுகளில் மாலை வேளைகளில் ஒரு புதிய முறைப்பாடு கேட்கின்றது. மடிக்கணினியில் கார்ப் பந்தயம் ஆடிக்கொண்டிருக்கும் பையன், “அப்பா, இருபது நிமிடம் சென்றால் படம் திக்கித் திக்கி நிற்கின்றது, வேறு கணினி வேண்டும்” என்கின்றான். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், கொழுந்து பறித்த சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாடத்திற்கென வாங்கிய கணினி அது. அதனைக் கழித்துவிடுமுன் பெற்றோர் சற்றே பொறுத்தல் நலம் என்போம்.

திரையில் நாம் காணும் அசைவு, அசையாப் படங்களின் அணிவகுப்பேயாகும். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி விளையாட்டிலோ 60 படங்கள் ஓடினால் ஆட்டம் தடங்கலின்றிச் செல்லும். ஆகவே ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிடைப்பது, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ 17 கூறு நேரமே. அதற்குள் வரைய இயலாதபோது 60 படங்கள் 20 ஆக வீழ்கின்றன.

தொடக்கம் முதலே மந்தமாயின் கணினிக்கு ஆற்றல் போதாது எனலாம். நன்றாய் ஓடியபின் திடீரெனத் தளருமாயின், முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே. “நுவரெலியாக் குளிரில் வெப்பமா?” என நேயர்கள் நகைக்கலாம். குளிருக்கு அஞ்சிப் பையன் கட்டிலில் அமர்ந்து, கணினியைக் கம்பளியின்மேல் வைத்தல்லவா ஆடுகின்றான்! அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அடைபடுகின்றன. அடுப்புக் கரியும் தூசும் விசிறியில் படிகின்றன. உள்ளிருக்கும் செயலி 100 பாகையை நெருங்குங்கால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கின்றது. மேலும், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று கொழும்பைவிட ஆறில் ஒரு பங்களவு மெலிந்தது. விசிறி அள்ளிச் செல்லும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். வாட்டிய கொழுந்தைக் கையில் பிடித்தே பதம் அறியும் நம்மவர்க்கு, கணினியின் அடியைத் தொட்டுப் பார்த்தல் அரிதன்று. கம்பளியினின்றும் எடுத்து மேசைமேல் வையுங்கள். அணைத்துவிட்டுத் துவாரங்களின் தூசை அகற்றுங்கள்.

அடுத்துக் காண வேண்டியது மின்சாரம். மின்கலத்தில் மட்டும் இயங்கும் மடிக்கணினி ஆற்றலைச் சிக்கனம் செய்யும். மின்சாரம் நின்ற கணத்திலேயே ஆட்டம் தளர்ந்தால் காரணம் அதுவே. பின்னணியில் கணினி தன்னைப் புதுப்பித்துக் கொள்வதும் உண்டு. அது முடியும்வரை பொறுத்தால் போதும்.

இணையவழி ஆட்டத்தில் எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கு தாவினால், படங்களின் தொகை குறையவில்லை. மலை மறைத்த அலைவரிசையின் குறை அது. அதற்குப் புதிய கணினியும் மருந்தாகாது.

ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் குணமாக்கியது எது எனத் தெரியாது. இறுதியாக விளையாட்டின் படத்தெளிவைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். இவ்வளவிற்கும் சதமொன்றும் செலவில்லை. அதன் பின்னரும் தளர்ச்சி நீங்காதாயின், அப்பொழுது பணப்பையைத் திறப்பது குறித்து யோசிக்கலாம்.