ஒரே எண், இரு அளவுகோல்

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்திற்கு இரசாயனப் பட்டதாரி ஒருவர் தேவைப்படுவதாகக் கொள்க. விண்ணப்பித்தோர் இருவர். ஒருவர் இந்தியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மற்றவர் இலங்கையில் பயின்றவர். இருவரது சான்றிதழிலும் 120 கிரெடிட் என்று காணப்படுகிறது. இருவரும் ஒரே தகுதியுடையவராவரா?

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி, ஓராண்டுக் கல்வி 1,200 மணி நேரம். அதற்கு 40 கிரெடிட். இலங்கையில் 2012-இல் வகுக்கப்பட்ட தகுதிக் கட்டமைப்பின்படி, ஓராண்டு 1,500 மணி நேரம். அதற்கு 30 கிரெடிட். ஆகவே, இந்தியாவின் 120 என்பது மூன்றாண்டுப் பட்டம். 3,600 மணி நேரம். இலங்கையின் 120 நான்காண்டுச் சிறப்புப் பட்டம். 6,000 மணி நேரம். படிநிலை எண்களும் இத்தகையனவே. டாக்டர் பட்டம் இலங்கையில் 12-ஆம் நிலை. இந்தியாவில் 8-ஆம் நிலை.

ஆண்டுகளை எண்ணினாலும் சிக்கல் தீர்வதில்லை. இலங்கை மாணவர் உயர்தரப் பரீட்சை முடியப் பள்ளியில் 13 ஆண்டுகள் பயில்கிறார். இந்திய மாணவர் 12 ஆண்டுகள். இலங்கைச் சிறப்புப் பட்டதாரியும், மூன்றாண்டுப் பட்டத்தின்பின் ஈராண்டு பயின்ற இந்திய எம்.எஸ்ஸி. பட்டதாரியும் மொத்தம் 17 ஆண்டுகள் பயின்றவரே. எனினும் முன்னவர் இளநிலை, பின்னவர் முதுநிலை எனப்படுகின்றனர். ஒரு நாட்டிற்குள்ளும் அளவு நிலையாக இருப்பதில்லை. கர்நாடகம் 2021-இல் நான்காண்டு முறையை ஏற்று, 2024-இல் மூன்றாண்டு முறைக்கே திரும்பியது.

இவ்வேறுபாடுகளைக் கொண்டு ஒரு நாட்டின் கல்வி உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனத் தீர்ப்பது பிழையாகும். மணிக்கணக்கு திட்டமிட்ட உழைப்பின் அளவேயன்றி, கற்றதன் அளவன்று. ஒரு கரைசலின் செறிவைப் பிழையின்றிக் கணிக்க வல்லவர் எவர் என்பதைக் கிரெடிட் எண் கூறாது. செய்முறைப் பயிற்சி எவ்வளவு, தனி ஆய்வு நடைபெற்றதா, தேர்வு எவ்வாறு அமைந்தது என்பனவே நோக்கத்தக்கவை.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டுத் தகுதிகளின் சமநிலை பற்றிய விதிகளை 2025-இல் வெளியிட்டது. இனி வேண்டுவது, இரு நாட்டு மானியக் குழுக்களும் கூடி, பாடந்தோறும் விளக்கும் ஓர் ஒப்பீட்டு அட்டவணையை வெளியிடுவதாகும். அஃது இல்லாதவரை, தகுதியுடைய இளைஞர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். தகுதி குன்றியவர் உள்ளே அமரலாம். இரண்டும் விஞ்ஞானத்திற்கு நட்டமே.