தொலைநோக்கி வாங்கப் போகிறீர்களா?



சென்ற மாதம் வாசகச் சகோதரி ஒருவர் மடல் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகன் தொலைநோக்கி வேண்டுமென்று நச்சரிப்பதாகவும், வளைகுடாவிலிருக்கும் அவனுடைய வாப்பா பணம் அனுப்ப இசைந்துவிட்டதாகவும் குறிப்பிட்டு, "மத்ரஸாப் பிள்ளைகளுக்கு நீங்கள் வானத்தைக் காட்டுகிறீர்களாமே, எதை வாங்குவது, எப்படி நிறுத்துவது?" என்று கேட்டிருந்தார். நான் கலைப்பட்டம் பெற்றுப் பிறகு ஓதிக்கொடுக்க வந்தவன். கணக்குக்கும் எனக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே பகை. ஆயினும் இதில் பட்ட அனுபவம் உண்டு, பட்டதை எழுதுகிறேன்.

2025 டிசம்பரில் நான் வாங்கியது 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியாடித் தொலைநோக்கி. அதன் குவியத் தொலைவு 900 மில்லிமீட்டர். என் மனைவி தையல் இயந்திரத்திற்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த தொகையும் அதில் அடக்கம். "பிள்ளைகள் பார்க்கட்டும், இயந்திரத்தை அடுத்த சீட்டில் எடுத்துக்கொள்ளலாம்" என்றார் அவர். பெட்டியைப் பிரித்தபோது குழலைக் காட்டிலும் அதைத் தாங்கும் பொறிதான் பெரிதாக இருந்தது. மூன்று கால்கள், சாய்ந்த ஓர் அச்சு, அதற்குக் குறுக்கே இன்னோர் அச்சு, அதன் முனையில் தராசுப் படிக்கல்லைப் போல் ஓர் இரும்புக் கட்டி. இதற்கு ஈக்வடோரியல் மவுண்ட் என்று பெயர். விளக்கப் புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே பூட்டி நிறுத்தினேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு மத்ரஸா முற்றத்தில் பிள்ளைகள் முப்பது பேர் கூடினர். என் மாமா ஒருவரும் வந்திருந்தார். எங்கள் கீழக்கரையில் பலருக்கும் அவரைத் தெரியும். ஒரு காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கண் போய்விட்டது. மற்றொன்றில் புரை எடுத்திருக்கிறார்கள். வியாழன் கிழக்கே நன்கு எழுந்திருந்தது. 2026 ஜனவரி 10 அன்று அது சூரியனுக்கு நேர் எதிர்த்திசைக்கு வந்த காலம் அது. பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் அமையாது.

ஆனால் நடந்தது வேறு. 10 மில்லிமீட்டர் வில்லையை மாட்டினால் உருப்பெருக்கம் 90 மடங்கு. அப்போது கண்ணுக்குத் தெரியும் வானம் ஏறத்தாழ அரைப் பாகைதான். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஆகவே பார்வைப் புலத்தின் ஓர் ஓரத்தில் நுழையும் கோள் இரண்டு நிமிடத்தைச் சற்றே கடந்ததும் மறு ஓரத்தில் வெளியேறிவிடும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் இந்தத் தாங்கியில் நீண்ட திருகுக் கம்பி இருக்கிறது. நான் அதைத் திருகத் திருக, கோளோ குறுக்காக எங்கோ வழுக்கிக்கொண்டு போனது. இளம் கண்களுக்கு ஒரு நொடி போதும். மாமாவுக்கு வில்லையின் வாயில் கண்ணைப் பொருத்தவே ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று முறை முயன்றார்.

"ஏதோ வெளிச்சம் வந்தது மருமகனே, போய்விட்டது. என் கண்ணுக்கு இனி இதெல்லாம் எட்டாது, விடு" என்று சொல்லி எழுந்துவிட்டார். பிள்ளைகளும் கலைந்தார்கள். அன்றிரவு மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை.

தவறு அவருடைய கண்ணில் இல்லை. நான் பார்த்து நிறுத்திய படத்தில் இருந்தது.

சாய்ந்திருக்கும் அந்த அச்சுக்குத் துருவ அச்சு என்று பெயர். பூமியின் அச்சுக்கு அது இணையாக நின்றால், வானம் கிழக்கிலிருந்து மேற்கே நகரும் அதே வழியில் ஒற்றைத் திருகைச் சுழற்றியே கோளைப் பின்தொடரலாம். இணையாக இல்லையெனில் அந்தப் பொறி முழுவதும் வீண் சுமை. அதை இணையாக்க இரண்டே தேவைகள்: அச்சு உண்மையான வடக்கை நோக்க வேண்டும், நம் ஊர் எத்தனை பாகை அட்சரேகையில் இருக்கிறதோ, அத்தனை பாகை உயர்ந்திருக்க வேண்டும். புத்தகத்தை எழுதியவர்கள் 40, 50 பாகையில் வாழ்கிறவர்கள். அவர்கள் படத்தில் அச்சு பாதி வானத்தைப் பார்க்கிறது. கீழக்கரையோ ஏறத்தாழ 9¼ பாகை! காயல்பட்டினம் எட்டரை, நாகூர் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு, சென்னை 13, கொழும்பு ஏறத்தாழ 7. நம் ஊர்களில் துருவ அச்சு படுத்தாற்போலத்தான் கிடக்க வேண்டும்.

இதை மறுநாள் மாமாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. கையை முன்னே நீட்டி முட்டியை மடக்கிக் காட்டினார். "நம் ஊரில் வடக்கு வெள்ளி இவ்வளவு உயரம், ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவு. கொழும்புக்குப் போகப் போக இறங்கிக்கொண்டே போகும்." நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 பாகை! அரபு மாலுமிகள் முடிச்சிட்ட கயிறும் சிறு பலகையுமாகிய 'கமால்' என்னும் கருவியால் அளந்ததும் இதைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னு மாஜித் போன்றோர் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை விரற்கணக்கில் குறித்தே துறைமுகங்களை அறிந்தார்கள். என் தாங்கியும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. பதில் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, கேட்காமல் போனேன்.

இனி, வேலை. உயரத் திருகைத் தளர்த்தி இறக்கினால், அளவுகோலில் முள் 14-க்குக் கீழே வர மறுத்தது. குளிர்நாட்டாருக்காகச் செய்யப்பட்ட தாங்கிகள் சிலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. அத்துடன், அச்சு படுத்துவிட்டதால் எடைக்கட்டி வடக்கே நின்ற காலில் இடித்தது. கால்களைத் திருப்பி, இரண்டு வடக்கிலும் ஒன்று தெற்கிலுமாக வைத்தேன். எடைக்கட்டி இரு கால்களுக்கு நடுவே தாராளமாகச் சுழன்றது. பிறகு தெற்குக் காலின் அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன். கால்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், மூன்று அங்குலச் செங்கல் முழுத் தாங்கியையும் வடக்கே ஏறத்தாழ 5 பாகை சாய்க்கும். பதினான்கில் ஐந்து போனால் ஒன்பது. கால்கள் சமமட்டமாக இருக்கவேண்டுமென்று புத்தகம் வற்புறுத்துகிறது. அச்சு சரியாக இருந்தால் போதும், மட்டம் முக்கியமன்று.

வடக்கைக் காண்பதுதான் அடுத்த தொல்லை. துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அதை நோக்கி நிறுத்தினால் நமக்குப் போதும். ஆனால் ஒன்பது பாகை உயரத்தில் இருப்பதை எங்கள் முற்றத்திலிருந்து பார்க்க முடியாமல் அடுத்த வீட்டு மாடி மறைக்கிறது. திசைமானி இரும்புத் தாங்கிக்கு அருகில் பொய் சொல்லும். ஆகவே பள்ளிவாசலின் நேர அட்டவணையை எடுத்தேன். ஜவால், அதாவது சூரியன் உச்சி சாயும் நேரம், ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் ஊரில் 12.20-ஐ ஒட்டி வருகிறது. அந்நேரத்தில் கல் கட்டித் தொங்கவிட்ட நூலின் நிழல் சரியாகத் தெற்கு வடக்காக விழும். பிள்ளைகள் அதன்மேல் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். அந்தக் கோடு இன்னும் முற்றத்தில் இருக்கிறது. (ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் இதைச் செய்ய முயலாதீர்கள், சூரியன் நம் தலைக்கு நேரே நிற்பதால் நிழலே இராது.) இப்படி நிறுத்தியதில் ஓரிரு பாகை பிழை இருந்தாலும் கண்ணால் பார்க்கிறவர்களுக்குக் கேடில்லை, கோள் மேலோ கீழோ நழுவக் கால் மணி நேரத்திற்கு மேலாகும்.

சமன் செய்வதை மறந்துவிடாதீர்கள். எடைக்கட்டியின் தண்டைக் கிடைமட்டமாக்கி, பூட்டைத் தளர்த்தி, குழலைக் கையால் பிடித்தபடியே கட்டியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் இறுக்குங்கள். பிறகு குழலையும் அதன் வளையங்களில் நகர்த்தி அவ்வாறே சமன் செய்யுங்கள். தேடுகுழலைப் பகலிலேயே தொலைவிலுள்ள தண்ணீர்த் தொட்டி உச்சியைப் பார்த்துப் பெரிய குழலோடு பொருத்திவிடுங்கள். உருவம் தலைகீழாகத் தெரியும். பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பகலில் இக்கருவியைப் பிள்ளைகளிடம் தனியே விடாதீர்கள். சூரியனை இதன் வழியே, தேடுகுழலின் வழியேகூட, ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும், வலிகூடத் தெரியாது. பிறை பார்க்கும் 29-ஆம் நாள் மாலையிலும் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே மூடியைக் கழற்றுங்கள்.

சகோதரி கேட்டதற்கு நேரான பதிலும் சொல்லவேண்டும். இன்னும் வாங்கவில்லையென்றால், முதல் கருவிக்கு ஈக்வடோரியல் வேண்டாம். ஜான் டாப்சன் 1960-களில் வடிவமைத்த, மரப்பெட்டியில் உட்கார்ந்து இருபுறமும் கையால் தள்ளித் திருப்பும் எளிய வகை இருக்கிறது. அதே பணத்திற்குப் பெரிய ஆடி கிடைக்கும், செங்கல் தேவையில்லை. சனியின் வளையத்தைப் பெரிதாக எதிர்பார்த்தும் வாங்கவேண்டாம். 2025 மார்ச்சில் அது விளிம்புப் பக்கமாகத் திரும்பி மறைந்தாற்போலாயிற்று; மீண்டும் அகலமாகத் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

மத்ரஸாப் பிள்ளைகளுக்கு இன்னோர் இன்பமும் உண்டு. ஆங்கில விண்மீன் வரைபடத்தில் 'ரிகெல்' என்றிருப்பதைப் பார்த்து ஒரு சிறுவன், "ஹஸரத், இது ரிஜ்ல், கால்!" என்று கூவினான். 'பெட்டல்ஜூஸ்' என்பது யதுல் ஜவ்ஸா; ஐரோப்பாவில் பெயர்த்தெழுதிய யாரோ 'யே'யின் இரு புள்ளிகளை ஒரு புள்ளியாகப் படித்து 'பே' ஆக்கிவிட்டார். புள்ளியைக் கவனித்து ஓதுங்கள் என்று நான் நாள்தோறும் தொண்டை வற்றச் சொல்வதற்கு வானத்திலேயே சான்று கிடைத்தது.

செங்கல் வைத்த அன்றிரவு மாமாவை மறுபடியும் அழைத்துவர நானே போனேன். வரமாட்டேன் என்றார், மனைவி சொல்லி அனுப்பியதாகச் சொன்னதும் வந்தார். நாற்காலியில் அமர்த்தி, 25 மில்லிமீட்டர் வில்லையில் முதலில் கோளைப் பிடித்து, பிறகு சிறியதை மாட்டினேன். அவர் கண்ணைப் பொருத்தத் தடுமாறிய நேரமெல்லாம் நான் கம்பியை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தேன். வியாழன் நடுவிலேயே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அவர் பேசவில்லை.

"வட்டமாக இருக்கிறது" என்றார். பிறகு, "பக்கத்தில் புள்ளிகள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே கோட்டில் நிற்கின்றன." கலீலியோ 1610 ஜனவரியில் கண்ட நான்கு நிலவுகள் அவை என்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் வரிசையில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"நாளைக்கும் இப்படியேதான் நிற்குமா?"

"இல்லை மாமா, இடம் மாறியிருக்கும். நெருங்கிச் சுற்றும் நிலவுக்கு ஒரு சுற்று இரண்டு நாளுக்கும் குறைவு."

மறுநாள் இஷா முடிந்து நான் முற்றத்திற்கு வந்தபோது, பிள்ளைகளுக்கும் முன்பாக மாமா வந்து, சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.