இடக்கைப் பிள்ளைக்கு என்ன மவுஸ்?



வலது கையால் உண்பது சுன்னத். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம், அல்ஹம்துலில்லாஹ். மவுஸையும் வலது கையால்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? ஐ.சி.டி. பாடத்தில் ஒரு பிள்ளை மவுஸை இடப்பக்கம் நகர்த்தினால் கையில் தட்டுபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிறகு, "இவருக்குக் கம்பியூட்டர் சரிவராது" என்று தீர்ப்பு வேறு!

"இடது கைக்கென்று விலை கூடியது வாங்க வேண்டுமே" என்பது அடுத்த சாட்டு. தேவையில்லை. படிப்புக்கு இரு பக்கமும் ஒரே வடிவமுள்ள சாதாரண வயர் மவுஸ் போதும். வயர் இடப்பக்கம் எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேம் விளையாடும் பிள்ளைக்கு வாங்குவதென்றால் உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். லொஜிடெக் ஜி203 இரு கைக்கும் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் அதன் பக்க பட்டன் இரண்டும் இடப்பக்கத்தில், வலது கைப் பெருவிரலுக்காக வைத்தவை. அதே கம்பனியின் பழைய ஜி300எஸ்ஸில் பட்டன்கள் இரு பக்கமும் சமம். கடையில் கிடைத்தால் அதை எடுங்கள். ரேசர் வைப்பரும் 2019இல் இரு பக்கமும் பட்டனோடுதான் வந்தது. பின்னர் வந்த வி2 புரோவில் வலப்பக்க பட்டன்களை எடுத்துவிட்டார்கள். விலை கூடினால் இடக்கைக்கும் உதவும் என்றில்லை. டிபிஐ எண்ணைக் காட்டிக் கடைக்காரர் சொல்லும் கதையையும் விடுங்கள்.

பாடசாலையில் இதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரதான பட்டனை வலப்பக்கத்துக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். பாடம் முடிந்ததும் பழையபடி வைக்கலாம். அதற்குக் காசுமில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வரத் தேவையில்லை.