சுவருக்குச் சொன்ன செய்தி

முதியோர் இல்லங்கள் சிலவற்றின் வாயிலில் அழகிய அட்டவணையொன்று தொங்குகிறது. திங்களன்று பாட்டு, புதனன்று கைவேலை, வெள்ளியன்று திரைப்படம் என அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பார்க்க வரும் பிள்ளைகள் அதைப் படித்து மனநிறைவோடு திரும்புகின்றனர். நாம் கேட்கிறோம்: அந்த அட்டவணை யாருக்காக? பார்வை மங்கியவரால் அதைப் படிக்க இயலாது. கட்டிலைவிட்டு எழ இயலாதவரால் அதை அணுகவும் முடியாது. உள்ளே வாழ்வோருக்கு எட்டாதது செய்தியன்று, விளம்பரம்.

நிகழ்ச்சி நடந்தால் போதாதா, அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்பர் சில நிர்வாகிகள். சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் நிகழ்த்திய ஆய்வை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், அவர்களுடைய நாளை அமைத்துக்கொள்வது அவர்களுடைய பொறுப்பே என்று கூறப்பட்டது. விரும்பிய செடியைத் தாமே தேர்ந்து வளர்த்தனர். படம் பார்க்கும் இரவையும் தாமே தேர்ந்தனர். மற்றொரு மாடியினரிடம், அவர்களை மகிழ்விப்பது இல்லத்தாரின் பொறுப்பு என்று கூறப்பட்டது. செடியும் படமும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நீர் ஊற்றியவர் தாதி, இரவைக் குறித்தவர் பிறர். மூன்று வாரங்களுக்குப்பின், முதல் மாடியினரிடமே சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் மிகுந்து காணப்பட்டன. ஆய்வு சிறியதுதான், அது உணர்த்தும் பாடம் சிறியதன்று.

அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட சட்டம், பராமரிப்பு இல்லங்களில் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கட்டாயமாக்கியதோடு, அங்கு வாழ்வோர் தமக்குள் குழு அமைத்துக் கூடும் உரிமையையும் வழங்கியது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவோ, மருத்துவத்தோடு பொழுதுபோக்கு வசதியையும் குறிப்பிடுகிறது. நன்று. ஆனால் பொழுதுபோக்கு என்பது மேலிருந்து வழங்கப்படும் பண்டமா? எந்தப் பொழுதை எவ்வாறு போக்குவது என்று அம்முதியவரைக் கேட்க வேண்டாமா? அஸர் தொழுகை நேரத்தில் பாட்டு நிகழ்ச்சியை வைத்துவிட்டு, "அவர் கலந்துகொள்ள விரும்பவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவது எவ்வகை நியாயம்?

பிள்ளைகளாகிய நாமும் குற்றத்திலிருந்து நீங்கியவர்களல்லோம். கட்டணம் எவ்வளவு, மாத்திரை கொடுத்தார்களா, உணவு எப்படி என்று விசாரிக்கிறோம். நாள் எவ்வாறு கழிகிறதென்று விசாரிப்பதில்லை. "நலமாக இருக்கிறார்" என்ற ஒற்றைச் சொல்லோடு அமைதியடைகிறோம்.

நாம் வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நாளைய நிகழ்ச்சியை இன்றே ஒவ்வொருவரின் அருகிலும் சென்று அவரவர் மொழியில் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். வர மறுப்பவரிடம் காரணத்தைக் கேட்டு, அடுத்த நிகழ்ச்சியை அதற்கேற்ப மாற்றுங்கள். அவர் என்ன செய்தார், எதை விரும்பினார் என்பதைக் குடும்பத்தாருக்கு எழுதுங்கள்.

வாசகர்களே! அடுத்த முறை செல்லும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நாளை இங்கே என்ன நடக்கிறது என்று உங்கள் வாப்பாவையோ உம்மாவையோ கேளுங்கள். அவர்கள் விழித்தால், அந்த அட்டவணைக்கு விளக்கம் கேட்கவேண்டியவர் நீங்கள்தாம்.