ஸ்நாப்ஷாட் இருக்கா? அது போதாது நண்பா!



"சர்வருக்கு பேக்கப் இருக்கா?" என்று நம்மில் யாரைக் கேட்டாலும், "ஓ! நேத்தே ஸ்நாப்ஷாட் எடுத்தாச்சே!" என்றுதான் பதில் வரும். இந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது நல்ல சிக்கனம்தான். 32 ஜிபி ரேம் உள்ள சர்வரில், தலா 10 ஜிபி என்று நாலு மெஷினுக்கு வாக்குக் கொடுக்கலாம். கூட்டிப் பார்த்தால் 40 ஜிபி! நாலும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்காது என்ற தைரியம்தான். நம்ம ஊர் லாட்ஜ் மாதிரி! சாதாரண நாளில் எத்தனை பேருக்கு "ரூம் உண்டு" என்றாலும் சமாளிக்கலாம். கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் வந்து நின்றால்? சும்மா கிடக்கும் ரேமை ஹைப்பர்வைசர் திரும்பக் கேட்டு வாங்கும். அதுவும் போதாவிட்டால் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அப்புறம் ஆமை வேகம்தான். இல்லாத டிஸ்க் இடத்தை இருப்பதாகக் காட்டினாலும் இதே கதை. இடம் நிறைந்த அன்று மெஷின்கள் நின்றுவிடும்.

வேகம் போனால் மீட்கலாம். தகவல் போனால்? ஸ்நாப்ஷாட் தனி நகல் அல்ல. பெரும்பாலும், எடுத்த நொடிக்குப் பின் வரும் மாற்றங்களை வேறு ஃபைலில் எழுதுகிறார்கள், அவ்வளவே. மூல டிஸ்க் போனால் ஸ்நாப்ஷாட்டும் போச்சு!

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகர அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தகவலுக்கு வெளியே நகலே இல்லை! கொள்ளளவு பெரிசு என்று விட்டுவிட்டார்களாம்.

வழி புதுசு இல்லை. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இதோடு முக்கியமான நாலாவது ஒன்று: மீட்டுப் பார்ப்பது. மீட்டுப் பார்க்காத பேக்கப், ஒத்திகை பார்க்காத நாடகம். மேடையில்தான் மானம் போகும்!

லேபில் சர்வரை நிறுவினால் நமக்குக் கைதட்டல் கிடைக்கிறது. மீட்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆசிரியர் ஒரு மெஷினை அழிக்கட்டும், நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதை மீட்போம்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிற பாட்டிக்கு ஹைப்பர்வைசர் தெரியாது. பென்ஷன் பட்டியலில் தன் பேர் இருக்கணும், அவ்வளவுதான். நாளைக்கு அந்தப் பட்டியலைக் காக்கப் போவது நாம்தானே?

சிந்திப்போம்! இன்றே மீட்டுப் பார்ப்போம்!