வண்டிச் சாவியும் ஒரு நரம்பும்
டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் வண்டிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, அப்படியொரு லயிப்பு. நடுவில் லொக் லொக்கென்று இருமினார். “பீடியை விடுங்கண்ணே” என்றார் டீ மாஸ்டர். பீடியின் பாவக்கணக்கு பெரிதுதான், ஆனால் இந்த இருமல் அதில் சேராது என்று எனக்குப் பட்டது. மூளையிலிருந்து கிளம்பி தொண்டை, நுரையீரல், இதயம், வயிறு என்று ஊர்சுற்றும் வேகஸ் நரம்பு, போகிற போக்கில் ஒரு சின்னக் கிளையைக் காதுத் துளைக்குள்ளும் நீட்டி வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயர் அதற்கு. அதைச் சீண்டினால் எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு இருமல் வரும். மாதக்கணக்கில் விடாத இருமலுக்குச் செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒற்றை முடி காரணமானதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அதற்குள் எத்தனை புட்டி இருமல் மருந்து காலியாகியிருக்குமோ! இத்தனைக்கும் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் துளை நம்மிடம் எந்த உதவியும் கேட்கவில்லை. உட்புறத் தோலே மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்து குறும்பியைச் சுமந்துவந்து வாசலில் போட்டுவிடும். வாசலுக்கு வந்ததைத்தான் நாம் பஞ்சுக்குச்சியால் மறுபடி உள்ளே தள்ளுகிறோம். இதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், சாவியை லுங்கியில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.