பொட்டிபுரத்தில் அளக்க வேண்டியது வீட்டுக் காற்றை

போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பொட்டிபுரத்தை ஒட்டிய மலையை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை உள்ளே நிறுவுவது திட்டம். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது; மறு ஆண்டே மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. 2022இல் தமிழக அரசு, மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

இந்த நெடிய வழக்காடலில் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் உரக்க ஒலித்தது. ஆனால், தவறான துகளின் மீது பழி விழுந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து செல்கின்றன. அவற்றால் நமக்குத் தீங்கில்லை. கவனத்துக்குரியது ரேடான்.

பெரும்பாலான பாறைகளைப் போலவே, இம்மலையின் சார்னோகைட்டிலும் யுரேனியம் சிறிதளவு உண்டு. அது சிதையும் வழியில் பிறக்கும் வாயு ரேடான். நிறமோ மணமோ அற்றது. தரை வெடிப்புகளின் வழியே வீட்டுக்குள் புகுந்து, காற்றோட்டமற்ற அறைகளில் தேங்கும். அதன் வழித்தோன்றல் துகள்கள் நுரையீரலில் படிகின்றன. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணமாக உலக சுகாதார நிறுவனம் ரேடானைக் குறிப்பிடுகிறது. கனமீட்டருக்கு 100 பெக்கரல் என்பது அது பரிந்துரைக்கும் அளவு. இயலாவிடில் 300க்கு மிகக் கூடாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1984இல் அணுமின் நிலையம் ஒன்றின் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி, ஓர் ஊழியரைக் கண்டு ஒலித்தது. அந்த நிலையம் அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. கதிரியக்கத்தை அவர் தம் வீட்டிலிருந்தே சுமந்து வந்திருந்தார்!

போடிச் சரிவிலுள்ள வீடுகளில் ரேடான் மிகுதி என்று நான் சொல்லவில்லை. காற்று ஊடாடும் ஓட்டு வீடுகளில் அது குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால், ‘இருக்கக்கூடும்’ என்பது விடையாகாது. நாளை மலை குடையப்பட்டால், முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வீடுவாரியாகக் கையில் இல்லாமல், ஊராரின் அச்சத்தை மெய்யென்றோ பொய்யென்றோ யாரால் நிறுவ முடியும்? திட்டம் கைவிடப்பட்டாலும், சுவாசிக்கும் காற்றைப் பற்றி அறியும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. எனவே இந்த அளவீட்டை ஆய்வகத்தின் தலைவிதியோடு பிணைக்கக் கூடாது. ஆய்வகத்தை முன்மொழிந்தோரிடம் ஒப்படைக்கவும் கூடாது. மாநிலச் சுகாதாரத் துறையே ஒரு பல்கலைக்கழகத்தைத் துணைகொண்டு செய்யலாம்.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆல்பா துகள்களின் தடங்களைப் பதியும் சிறு படலத்தை, குடும்பத்தினர் உறங்கும் அறையில் மூன்று மாதம் தொங்கவிட்டு, ஆய்வுக்கூடத்தில் தடங்களை எண்ணினால் போதும். சன்னலை அடைத்து உறங்கும் மார்கழியில் ஒருமுறையும், ஆடிக் காற்றின்போது ஒருமுறையும் அளக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி அந்தந்த வீட்டாரிடமே தர வேண்டும். அளவு மிகுந்த வீட்டில் தரை வெடிப்பை அடைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டலாம். அதுவும் போதாதெனில், தரைக்கடியில் ஒரு குழாய் பதித்து, சிறு விசிறியால் வாயுவைக் கூரைக்கு மேல் வெளியேற்றலாம்.